முதல் கூடத்து மூத்தவள்

கல்லின் மேல் பழி போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை ஈ.சி.ஆர். ரோட்டில் யாரைக் கேட்டாலும் "அந்தச் சிலை வந்துச்சு, அந்தம்மா வாழ்க்கையே போச்சு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சிலை தானாக வரவும் இல்லை, தானாக உடையவும் இல்லை. கொண்டுவந்ததும் மனிதர்கள், உடைத்ததும் மனிதர்கள். அதுவும் நல்ல மனிதர்கள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

என் பெயர் ஜெஸ்ஸி. சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்தபடி ஒரு பெரிய கலை அருங்காட்சியகம் இருக்கிறதே, அங்கே நிர்வாக அலுவலர். பெயர்தான் பெரிது. ஏசி நின்றால் ஆள் பிடிப்பதும், கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்று திட்டு வாங்குவதும் என் வேலை. ஊர் நாகர்கோவில் பக்கம். வீட்டுக்காரர் ஜெபகுமாருக்குக் கல்பாக்கத்தில் வேலை என்பதால் புதுப்பட்டினத்தில் குடியிருக்கிறோம். எனக்குச் சீதேவியும் தெரியாது, மூதேவியும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கர்த்தரிடம் போவேன், மற்ற நாளெல்லாம் வேண்டா மேடத்திடம் போவேன். அவ்வளவுதான் என் பக்தி.

வேண்டா என்பது அவருடைய நிஜப் பெயர்தான். படாளத்துப் பக்கம் நெல் போடுகிற குடும்பம். வரிசையாகப் பெண்ணாகவே பிறந்த வீட்டில், இதோடு போதும் சாமி என்று கடைசிப் பெண்ணுக்கு வைத்த பெயர். அந்தப் பக்கம் போனால் வேண்டா என்று கூப்பிட்டால் தெருவுக்கு ஒருத்தியாவது திரும்பிப் பார்ப்பாள். ஆனால் அந்தப் பெயரோடு டாக்டர் பட்டம் வாங்கி, வெளிநாட்டு மியூசியங்களில் வேலை பார்த்து, திரும்பி வந்து இவ்வளவு பெரிய அருங்காட்சியகத்துக்கு இயக்குநராக உட்கார்ந்தவர் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. திறப்பு விழா அழைப்பிதழ் அடிக்கிற சமயத்தில் டிரஸ்டிகளில் ஒருவர், "வித்யான்னு மாத்திக்கலாமே, கேக்க நல்லா இருக்கும்" என்றார். மேடம் சிரித்துக்கொண்டே, "ரேஷன் கார்டுலேர்ந்து பாஸ்போர்ட் வரைக்கும் நீங்களே அலைஞ்சு மாத்திக் குடுத்துடுங்க சார்" என்றார். அதற்கப்புறம் அந்த மனுஷர் கூட்டத்தில் காபி கேட்பதற்கு மட்டும்தான் வாயைத் திறந்தார்.

மேடம் வந்தபோது அது வெறும் சவுக்குத் தோப்பு. டைல்ஸ் வியாபாரத்தில் பெரிய புள்ளியான லக்ஷ்மிநாராயணன் சாருடைய இடம். அவர்தான் டிரஸ்டுக்குத் தலைவர். அந்தத் தோப்பில் மேடம் கூடம் கூடமாக எழுப்பினார். உப்புக்காற்று செப்புச் சிலைகளைத் தின்றுவிடும் என்று ஒவ்வொரு கதவுக்கும் ரப்பர் வைத்து அடைத்தார். மீன்பிடிக் குப்பத்திலிருந்து ஆள் எடுத்து, அவர்களுக்குச் சிலை தூக்கக் கற்றுக்கொடுத்து, நிரந்தர வேலை வாங்கித் தந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். பெரிய ஊர் மியூசியங்களிலிருந்து அவருக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். ஒன்றுக்கும் அசையவில்லை. ஏன் என்று எல்லாரும் கேட்பார்கள். எனக்குத் தெரியும். ஒரு கல்லுக்காகத்தான்.

படாளத்துக்கு உள்ளே ஓர் ஏரி. அதன் கரையில் துணி துவைக்கிற கல் ஒன்று கிடந்தது. பலகை மாதிரி பெரிய கருங்கல். மேடத்தின் அம்மா அதில் துவைத்தார், அக்காமார் துவைத்தார்கள், மேடமும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துவைத்திருக்கிறார். கல்லூரியில் படிக்கும்போது ஒரு கோடையில் ஏரி வற்றியது. கல்லின் ஓரத்தில் மண் சரிந்து, அடியில் ஒரு கால் விரல் தெரிந்தது. ஊர் ஆட்களை வைத்துக் கடப்பாரை போட்டுப் புரட்டினால் ஒரு பெண். தொப்பை பெருத்து, இரண்டு காலையும் அகட்டித் தொங்கவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்திருக்கிற பெண். தோளுக்கு மேலே காக்கைக் கொடி. மூத்த தேவி. லட்சுமிக்கு அக்கா. பல்லவர் காலத்தில் கோயில் கட்டிக் கும்பிட்டார்கள், பிறகு யாருக்கோ பயம் வந்து குப்புறக் கவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். அவள் பார்வை பட்டால் குடி கெடும் என்று நம்பிக்கை. முதுகு முழுக்கத் துவைத்துத் துவைத்துத் தேய்ந்துபோயிருந்தது. முகம் மட்டும் சேற்றுக்குள் பத்திரமாக இருந்தது.

எத்தனை பேரிடம் நடந்து, எத்தனை அனுமதி வாங்கி, அரசாங்கத்துக்குச் சொந்தமான அந்தச் சிலையை நீண்ட நாள் இரவலாக மேடம் எங்களிடம் கொண்டுவந்தார் என்பதைச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. கொண்டுவந்து முதல் கூடத்தில், வாசலுக்கு நேர் எதிரே நிறுத்தினார். உள்ளே நுழைகிறவர் யாராக இருந்தாலும் முதலில் அவள் முகத்தைத்தான் பார்க்கவேண்டும்.

நானும் பார்த்தேன். சாமியாக அல்ல. ஆனால் சொல்லத்தான் வேண்டும், அந்த முகத்தில் பொல்லாப்பு எதுவும் கிடையாது. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, கடைசிப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தவளின் முகம் அது. "அப்பாடா" என்று சொல்லப்போகிற வாய்.

பேச்சு கிளம்பிவிட்டது. லிஃப்ட் நின்றால் அவள். புயலில் கூரை பிய்ந்தால் அவள். தலைவருடைய டைல்ஸ் சூளையில் விபத்து நடந்தது, அதுவும் அவள். தலைவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனபோது அவர் மனைவி, அந்த வாசல்படியை இனி மிதிக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபமாக வரும். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது சிகரெட்டை. அதை யாரும் பேசவில்லை.

மேடத்தின் பதவிக்காலம் முடிகிற வாரம் வந்தது. புதன்கிழமை தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். கோப்பைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

"அம்மா, உங்களை நான் போகச் சொல்லலை" என்றார் லக்ஷ்மிநாராயணன் சார். நல்ல மனுஷர்தான், குரலை உயர்த்தமாட்டார். "இன்னும் அஞ்சு வருஷம் நீங்கதான் இருக்கணும். வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்கு வரேன், கையெழுத்துப் போட்டுடறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவளை ஸ்டோருக்கு அனுப்பிடுங்க."

"அவங்களை" என்று மேடம் திருத்தினார்.

"சரி, அவங்களை. உள்ள நுழைஞ்சதும் அந்தப் பார்வை நேரா என் மேல விழுது. எனக்கு உடம்பு தாங்கலை அம்மா."

"சார், தன் வீட்ல ஒரு தடவைகூட மூதேவின்னு திட்டு வாங்காத பொம்பளை ஒருத்தியைக் கூட்டிட்டு வாங்க. அன்னிக்கே ஸ்டோருக்கு அனுப்பிடறேன்."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நான் வாங்காத திட்டா?

"நீங்க இப்படிப் பிடிவாதம் பிடிச்சா நான் என்ன பண்ணட்டும்?" என்றார் அவர் சலிப்பாக. "அப்புறம் எல்லாத்தையும் ஹரி பார்த்துப்பான்."

ஹரிஹரன் அவருடைய மகன். அவன் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். கடலைப் பார்த்த இடம், கல்யாண மண்டபத்துக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். சிலைகளைப் புல்தரையில் நிறுத்தினால் மாப்பிள்ளை பெண் போட்டோவுக்கு நன்றாக இருக்குமாம். மேடம் போனால் அருங்காட்சியகமும் போயிற்று. விஷயம் இவ்வளவுதான்.

வெளியே வந்ததும் மேடத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஸ்டோர்ல வெச்சா என்ன மேடம் குறைஞ்சு போகுது? ஒரு ஆறு மாசம். அவர் மனசு ஆறினதும் வெளிய எடுத்துக்கலாம். கல்லுக்குத் தெரியவா போகுது?"

"கவுத்துப் போட்டவங்களும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க ஜெஸ்ஸி. கொஞ்ச நாளைக்குத்தான்னு."

"வசனமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வேலை போச்சுன்னா?"

மேடம் நடையை நிறுத்தினார். அவர் முகத்தில் ஒரு சின்னப் பிள்ளைத்தனமான சந்தோஷம் வந்தது. "தலைவர் இதுவரைக்கும் அவங்களை நிமிர்ந்தே பார்த்ததில்லை, கவனிச்சியா? தலையைக் குனிஞ்சுகிட்டே அந்தக் கூடத்தைத் தாண்டிடுவார். வெள்ளிக்கிழமை நான் கையைப் பிடிச்சு முன்னாடி நிறுத்திடறேன். ஒரே ஒரு தடவை அந்த முகத்தைப் பார்க்கட்டும். அப்புறம் அவரே வேணாம்னு சொல்லமாட்டார்."

அவ்வளவுதான் அவர் வைத்திருந்த ஆயுதம். ஒரு முகம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஆனால் இத்தனை வருடத்தில் அவர் நினைத்து நடக்காததும் கிடையாது. சரி என்று விட்டுவிட்டேன். அந்த யோசனையை அவர் என்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை.

இங்கேதான் அருணகிரி வருகிறான். சதுரங்கப்பட்டினத்துக்காரன், படகு இழுத்த கை. சிலை தூக்குகிற குழுவுக்குத் தலைவன். மேடம் என்றால் அவனுக்கு உயிர். தலைவர் கேட்டதும் மேடம் மறுத்ததும் அவன் காதுக்குப் போய்விட்டது. எங்கள் இடத்தில் சுவருக்குக்கூடக் காது உண்டு. தலைவருக்கு வேண்டியது, அவள் பார்வை படக்கூடாது. மேடத்துக்கு வேண்டியது, அவள் கூடத்தை விட்டுப் போகக்கூடாது. இரண்டு பேர் மனசும் நோகாமல் ஒரு வழி இருக்கிறதே என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அவனுடைய அப்பன், பாட்டன் எல்லாருக்கும் தெரிந்த வழி.

வெள்ளிக்கிழமை காலை நான் வாசலில் பூச்செண்டோடு நின்றேன். தலைவரின் கார் வந்தது. மேடம் பச்சைக் கைத்தறிப் புடவை கட்டியிருந்தார், முகம் தெளிவாக இருந்தது. தலைவரை வரவேற்று, பேசிக்கொண்டே கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். கதவுக்கு முன்னால் அவர் கையை மெல்லப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். பின்னாலேயே நானும் கோப்போடு நுழைந்தேன்.

பீடத்தின் மேல் யாரும் இல்லை.

பீடத்துக்கு முன்னால் தரையில் மணல் மூட்டைகள். அதன் மேல் கம்பளி. அதன் மேல் அவள் குப்புறக் கிடந்தாள். தேய்ந்த முதுகு மட்டும் தெரிந்தது. அதன் மேல் யாரோ மரியாதையாக ஒரு மஞ்சள் துணி வேறு போர்த்தியிருந்தார்கள். அருணகிரியும் அவன் ஆட்களும் சுவரோரம் குளித்து முழுகி, நெற்றியில் விபூதியோடு வரிசையாக நின்றார்கள். செயின் புல்லி அவர்கள் தலைக்கு மேலே தொங்கியது.

"மேடம், கூடத்த வுட்டு ஒரு அடிகூட நவுத்தல" என்றான் அருணகிரி கிசுகிசுப்பாக, பல் முழுக்கத் தெரிய. "நீங்க சொன்ன மாரியே இங்கியேதான் கீறாங்க. பார்வ மட்டும் பூமிக்கு. ஏரில அத்தினி காலமா அப்டித்தான கெடந்தாங்க, ஒண்ணும் ஆவல. அய்யா கையெழுத்துப் போட்டுக்கினு போவட்டும், சாயங்காலமே நிமுத்திடறோம்."

மேடம் பிடித்திருந்த தலைவரின் கையை விட்டுவிட்டார்.

தலைவர் ஓர் அடி முன்னால் வந்தார். அவர் அந்த முதுகைப் பார்த்தார், மஞ்சள் துணியைப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. முதல் தடவையாக அந்தக் கூடத்தில் தலையை நிமிர்த்தி நின்றார். "எனக்காகவா அம்மா?" என்றார். "நீங்க விட்டுக்குடுப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்லை. கல்லு மாதிரி நிப்பீங்கன்னு நினைச்சேன். எங்கே கையெழுத்துப் போடணும்?"

என் கோப்பைத் தானே வாங்கினார். பேனாவைத் திறந்தார். நின்ற இடத்திலேயே, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐந்து வருடம். நான் கண்ணால் பார்த்தேன், மை காயவில்லை. அந்த ஐந்து வருடத்தில் எத்தனை கூடம், எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் வீட்டில் அடுப்பு என்று என் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. கர்த்தரே, ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டேன்.

மேடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. சாயங்காலம்வரை, வெறும் சாயங்காலம்வரை பொறுத்திருந்தால்! "நன்றி சார்" என்று ஒரு வார்த்தை. என்னால் சொல்லமுடியும், உங்களால் சொல்லமுடியும். அவரால் முடியவில்லை.

"தூக்குங்கடா" என்றார்.

அருணகிரிக்குப் புரியவில்லை. "மேடம், சாயங்காலம்…"

"இன்னாடா பண்ணி வெச்சிக்கினு கீறீங்க? தூக்குங்கடான்றேன்!" அவருடைய வாயிலிருந்து படாளம் அப்படியே வந்தது. அத்தனை வருடத்தில் வேலை இடத்தில் அவர் அந்தப் பேச்சைப் பேசி நான் கேட்டதில்லை. "இப்பவே நிமுத்துங்க. அவங்க மேல அத்தினி காலமா துணி தொவைச்சது போதாதா?"

"வேணாம் அம்மா, அப்படியே இருக்கட்டும்" என்று தலைவர் பதறினார். "கையெழுத்துதான் போட்டாச்சே."

"முகத்தைப் பார்த்துட்டுப் போடுங்க சார். பார்க்காம போட்ட கையெழுத்து எனக்கு எதுக்கு?"

அவர்கள் தூக்கினார்கள். பயந்துபோய், அவசரமாக, சங்கிலியை மாட்டி இழுத்தார்கள். கல் அசைந்தது. மூட்டையை விட்டு மேலே எழும்பியது. எழும்பும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்டது, தேங்காய் மூடி தரையில் விழுந்த மாதிரி. அவ்வளவுதான். உடம்பு மேலே வந்தது. முகம் வரவில்லை.

கழுத்துக்குள்ளே பழைய விரிசல் ஒன்று உண்டு என்று மேடத்துக்குத் தெரியும். அதற்காகத்தான் பின்னால் இரும்புத் தாங்கி கொடுத்து நிறுத்தியிருந்தார். தாங்கி எதற்கு என்று அருணகிரிக்கு யாரும் சொல்லவில்லை. அவன் மூக்கு உரசிவிடக்கூடாதே என்று பார்த்துப் பார்த்து, தோளுக்கு அடியிலும் முழங்காலுக்கு அடியிலும் மட்டும் மூட்டை கொடுத்து, முகத்துக்குக் கீழே இடம் விட்டிருந்தான். ஏரியில் சேறு முழு உடம்பையும் ஏந்திக்கொண்டிருந்தது. இங்கே தலை விடிந்ததிலிருந்து அந்தரத்தில் தொங்கியது. பாசத்தோடு செய்த வேலை.

சங்கிலியில் தலையில்லாத உடம்பு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முகம் கம்பளியில் ஒருக்களித்துக் கிடந்தது, கழுத்தும் ஒரு பக்கத்துத் தோளும் அதோடு சேர்ந்து வந்திருந்தன. அருணகிரி சம்மணம் போட்டு அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். "அய்யோ, எம்மா, அய்யோ, எம்மா" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டான்.

மேடம் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். மண்டியிட்டு, முந்தானையால் அந்தக் கல் முகத்தில் ஒட்டியிருந்த கம்பளி நூலைத் துடைத்தார். பிறகு தலைவரை நிமிர்ந்து பார்த்து, "பாருங்க சார்" என்றார். "இப்பவாவது பாருங்க."

தலைவர் பார்க்கவில்லை. இரண்டு கையையும் குவித்தார். யாருக்குக் குவித்தார் என்று எனக்குத் தெரியாது. என் கையிலிருந்த கோப்பைத் திறந்து, தான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

விசாரணை நடந்தது. அரசாங்கத்துச் சிலை, விடுவார்களா? கவிழ்க்கச் சொன்னது யார் என்று கேட்டார்கள். "நான்தான்" என்றார் மேடம். அருணகிரி எழுந்தான். "வாய மூடிக்கினு உக்காருடா. வூட்ல பொண்ணு காலேஜ் படிக்கிது" என்று காதோடு அதட்டி அவனை உட்காரவைத்தார். அவர் சொன்ன பொய்யை எழுதிக்கொண்டார்கள். எழுதி, அவர் பதவியை முடித்தார்கள். அடுத்த மாதமே ஹரிஹரன் குழுவைக் கலைத்து, அருணகிரியையும் சேர்த்து அனுப்பிவிட்டான். அந்தப் பொய் ஒருவரையும் காப்பாற்றவில்லை. நிரந்தர வேலை என்று மேடம் வாங்கிக் கொடுத்த ஆர்டரை நீட்டிக்கொண்டு அருணகிரி என்னிடம் வந்தான். "செல்லாதா சிஸ்டர்?" என்றான். அவனுக்கு நான் என்னத்தைச் சொல்ல?

ஹரிஹரனுக்கு இதில் ஒரு யோசனை வேறு. "மாமல்லபுரத்துல சொன்னா ஒரு வாரத்துல புது முகம் செதுக்கி ஒட்டிக் குடுத்துடுவாங்க ஆன்ட்டி. இன்னும் கொஞ்சம் லட்சணமாவே பண்ணச் சொல்லலாம்" என்றான் என்னிடம். பளார் என்று ஒன்று விட்டிருப்பேன். ஜெபகுமாருக்கு இன்னும் வீட்டுக் கடன் இருக்கிறது. சிரித்துவைத்தேன்.

மேடத்தை அழைத்துக்கொண்டே இருந்த பெரிய ஊர் மியூசியங்கள் வாயடைத்துப்போயின. சிலைகளைப் பற்றி எங்காவது கூட்டம் என்றால் முதல் வரிசையில் அவர் பெயர் இருக்கும், அதையும் எடுத்துவிட்டார்கள். அவரைப் பற்றி வந்த ஒரே செய்தி, மூதேவியைக் கொண்டுவந்து வாழ்ந்து கெட்ட பெண் அதிகாரி என்று ஒரு யூடியூப்காரன் போட்டது. அதை லட்சம் பேர் பார்த்தார்கள். எங்கள் முதல் கூடத்தில் இப்போது யானைகள் தண்ணீர் ஊற்றுகிற லட்சுமி, டைல்ஸில். ஜோடிகள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

சிலையை அரசாங்கம் திரும்பக் கேட்டது. பெட்டி செய்ய அருணகிரி வந்தான், யாரும் கூப்பிடவில்லை. பெரிய பெட்டி ஒன்று உடம்புக்கு, சின்னது ஒன்று முகத்துக்கு. முகத்தை வைக்கோலில் மல்லாக்கப் படுக்கவைத்து, அடியில் ஓர் இடம் விடாமல் அடைத்தான். மூடி அறைந்ததும் சிவப்புப் பெயின்ட் எடுத்து நான்கு பக்கமும் பெரிய பெரிய அம்புக்குறி போட்டு, "இந்தப் பக்கம் மேல்" என்று எழுதினான். அம்பு எந்தப் பக்கமோ, அவள் முகம் அந்தப் பக்கம். எழுதிவிட்டுக் கையைக்கூடத் துடைக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இப்படித் திரும்பி வருகிற சிலைகளைப் போட்டுவைக்கச் செங்கல்பட்டில் பழைய அரிசிக் கிடங்கு ஒன்றை அரசாங்கத்தில் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார்கள். லாரியோடு நான் போனேன். போகிற விஷயத்தை மேடத்திடம் சொல்லியிருந்தேன். படாளத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, கிடங்கு வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். சாதாரண நூல் புடவை, கையில் ஒரு மஞ்சள் பை. என்னைப் பார்த்ததும், "சாப்பிட்டியா?" என்றார். எனக்கு அழுகை முட்டியது, கோபம் மாதிரி காட்டி, "வெயில்ல ஏன் நிக்கறீங்க, மண்டை காயவா?" என்று திட்டினேன்.

இறக்குகிறவர்கள் முதலில் பெரிய பெட்டியைக் கொண்டுபோனார்கள். அடுத்து சின்னது. நாங்கள் உள்ளே போவதற்குள் வேலை முடிந்திருந்தது. மூலையில், வேறு பெட்டிகளுக்கு நடுவே இருந்த சந்தில் முகப்பெட்டியைச் செருகியிருந்தார்கள். நேராக வைத்தால் நுழையவில்லை போலிருக்கிறது, புரட்டிச் செருகிவிட்டார்கள். சிவப்பு அம்பு தரையைக் காட்டியது.

"தம்பி, அது தலைகீழா இருக்கு" என்றேன். கிடங்கைப் பார்த்துக்கொள்கிற ரவிச்சந்திரன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எப்டி கெடந்தா இன்னா மேடம்? ஒடஞ்சதுதான."

"எழுதியிருக்குல்ல? படிக்கத் தெரியாதா?"

"ஆளுங்க பூட்டாங்க மேடம். நாளிக்கி வந்தா சொல்றன்." நாளைக்கு யார் வரப்போகிறார்கள்? அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நான் இந்தச் சிலை…" என்று மேடம் ஆரம்பித்தார். "நீங்க யாரும்மா?" என்று கேட்டான் அவன். பழிக்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். மேடம் பதில் சொல்ல வாயெடுத்தார். சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது போல வாயை மூடிக்கொண்டார்.

பையைக் கீழே வைத்தார். புடவையைத் தூக்கி இடுப்பில் செருகினார். பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பலகையில் கை கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் போய்க் கை கொடுத்தேன். தோளைக் கொடுத்துத் தள்ளினோம். பலகை கிரீச்சென்றது, பெட்டி நகரவில்லை. மறுபடியும் தள்ளினோம். என் வளையல் ஒன்று நசுங்கியது. அடியில் கையை விட்டுத் தூக்கிப் பார்த்தோம். ரவிச்சந்திரன் எழுந்து வந்து நின்று பார்த்துவிட்டு, "பூட்டணும் மேடம், டீக்குப் போவணும்" என்றான்.

"இன்னொரு தடவை மேடம்" என்றேன் நான். "ஒண்ணு, ரெண்டு சொல்றேன், சேர்ந்து தள்ளுவோம்."

மேடம் கையை எடுத்துவிட்டார். உள்ளங்கையில் பலகைச் சிராய் குத்தி ரத்தம் வந்திருந்தது. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"போதும் ஜெஸ்ஸி" என்றார். "வா, போலாம்."

போதும் என்ற சொல்லை அதுவரை அவர் வாயிலிருந்து நான் ஒரு நாளும் கேட்டதில்லை.